வாம்பயருக்கு எதுக்கு இத்தனை ரூல்ஸு? 1985 ஃப்ரைட் நைட் படத்தை வெச்சு ஒரு விளக்கம்

ட்ராகுலா படம், அதாவது ரத்தம் குடிக்கிற வாம்பயர் படம்னு சொன்னாலே பாதி பேருக்கு சிரிப்புதான் வரும். சுவத்துல ஏறுவான், வௌவாலா பறப்பான், ஒத்தக் கைல ஆள தூக்கி எறிவான், ஆனா பூண்ட காட்டினா ஓடிடுவான், வாசல்ல நின்னு உள்ள வரலாமான்னு பர்மிஷன் வேற கேப்பான், என்னய்யா லாஜிக் இது? ஹாரர் படம் புதுசா பாக்க ஆரம்பிக்கிறவங்க முக்கால்வாசி பேர் இதத்தான் கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். இதுக்கு பதில் சொல்றதுக்கு ரொம்ப வசதியான படம்னா 1985ல வந்த ஃப்ரைட் நைட். சமீபத்துல திரும்ப ஒரு தடவ போட்டு பாத்தேன், பயம் அப்போ இருந்த அளவுக்கு இல்ல, ஆனா அந்த ஸ்கிரிப்ட் இருக்கே, வாம்பயர் ரூல் ஒவ்வொண்ணையும் எடுத்து அத திருப்பிப்போட்டு ஒரு சீன் எழுதியிருக்காங்க. (நாப்பது வருஷ பழைய படம், அதனால கிளைமாக்ஸ் வரைக்கும் சொல்லப்போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.)

மொதல்ல ரூல் எதுக்குன்னு பாத்துடுவோம். கபடில பாடிப் போறவன் மூச்சு விட்டா அவுட்டு, அந்த ஒரு ரூல எடுத்துட்டு பாருங்க, எதிர் டீம் கோட்டுக்குள்ள ஒருத்தன் சும்மா நடந்து போயிட்டு வர்றான், அவ்ளோதான், பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. வாம்பயர் கதையும் அதேதான். எல்லா பவரும் இருக்குற ஒருத்தன் எந்த தடையும் இல்லாம வந்தா மொத பத்து நிமிஷத்துல ஹீரோ செத்துருவான், படம் முடிஞ்சுரும். அவனால இது முடியாது, அது முடியாதுன்னு கோடு போட்டாதான் ஹீரோவுக்கு ஒரு சான்ஸு, அந்தக் கோட்ட அவன் எப்படி தாண்டப்போறான்னு யோசிக்கிறப்பதான் நமக்கு வயித்தக் கலக்கும். வில்லன காப்பாத்தறதுக்கு இருக்குற ரூல் இல்ல இது, சஸ்பென்ஸ காப்பாத்தறதுக்கு இருக்குற ரூல்.

இந்த லிஸ்ட் எங்கருந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் 1897ல பிராம் ஸ்டோக்கர் எழுதின ட்ராகுலா நாவல்ல இருந்து. ஊருப்பக்கம் இருந்த நம்பிக்கைகள்ல இருந்து கொஞ்சம், அவரா சேத்தது கொஞ்சம். கண்ணாடில உருவம் தெரியாது, பூண்டும் சிலுவையும் ஆகாது, வீட்ல இருக்குற யாராவது வான்னு கூப்பிட்டாதான் மொத தடவ உள்ள வர முடியும், இதெல்லாம் அந்த புக்குலயே இருக்கு. ஆனா நாம எல்லாரும் முக்கியமான ரூல்னு நெனைக்கிற ஒண்ணு அதுல கெடையாது: வெயில் பட்டா சாவுறது. நாவல்ல ட்ராகுலா பகல்ல லண்டன் ரோட்டுல நடந்து போறாரு, பவர் கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதான். சூரிய வெளிச்சத்துல கரைஞ்சு போறத கொண்டு வந்தது 1922ல முர்னாவ் எடுத்த ஜெர்மன் மௌனப்படம் நோஸ்ஃபெராட்டு. அது ஸ்டோக்கர் நாவல உரிமை வாங்காம, பேரெல்லாம் மாத்தி எடுத்த படம், அவரோட மனைவி கேஸ் போட்டு, பிரிண்ட் எல்லாத்தையும் அழிக்கணும்னு கோர்ட்டு சொல்லிருச்சு, எப்படியோ சில பிரிண்ட் தப்பிச்சுருச்சு. திருட்டுத்தனமா எடுத்த படம் ஒண்ணு போட்ட ரூல்தான் இன்னிக்கு வரைக்கும் வாம்பயர் சட்டத்துலயே பெரிய சட்டமா ஓடிட்டு இருக்கு, இத நெனச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருது.

அதுக்கப்புறம் 1931ல பெலா லுகோசி ட்ராகுலாவா நடிச்சாரு, 1958ல இங்கிலாந்துல ஹேமர் கம்பெனி எடுத்த கலர் படத்துல கிறிஸ்டோஃபர் லீ ட்ராகுலா, பீட்டர் குஷிங் அவர வேட்டையாடுற வான் ஹெல்சிங். அந்த 58 படத்தோட கடைசி சீன் ஃபேமஸ், குஷிங் ஓடிவந்து ஜன்னல் திரைய பிச்சு எறிஞ்சு வெயில உள்ள விட்டு, ரெண்டு மெழுகுவர்த்தி ஸ்டாண்ட குறுக்க வெச்சு சிலுவையா பிடிச்சு ட்ராகுலாவ வெளிச்சத்துக்குள்ள தள்ளுவாரு. அந்த மாதிரி படம் ஹேமர்ல வரிசையா வந்து வந்து எழுபதுகள் முடியறப்போ ஜனங்களுக்கு சலிச்சுருச்சு. 1978ல ஹாலோவீன், 1980ல ஃப்ரைடே த தர்ட்டீன்த், கைல கத்தி வெச்சுக்கிட்டு முகமூடி போட்டு பசங்கள தொரத்துற ஸ்லாஷர் படங்க காலம் ஆரம்பிச்சது. முதுகுல கறுப்பு அங்கி போட்ட கனவான் வாம்பயர் எல்லாம் காமெடி பீஸ் ஆயிட்டான்.

இந்த இடத்துலதான் ஃப்ரைட் நைட் வருது. எழுதி டைரக்ட் பண்ணது டாம் ஹாலண்ட் (ஸ்பைடர்மேன் பையன் இல்ல, இவர் வேற), டைரக்டரா இவருக்கு இது மொத படம், அதுக்கு முன்னாடி சைக்கோ 2க்கு திரைக்கதை எழுதினவர், மூணு வருஷம் கழிச்சு 1988ல அந்த கொலகார பொம்மை படம் சைல்ட்ஸ் ப்ளே எடுத்தவரும் இவர்தான். கதை சிம்பிள். சார்லி ப்ரூஸ்டர்னு ஒரு ஸ்கூல் பையன், அம்மா கூட இருக்கான், ராத்திரி டிவில பழைய ஹாரர் படம் பாக்குறதுதான் அவனுக்கு உயிர். பக்கத்து வீட்டுக்கு புதுசா ஜெர்ரி டேண்ட்ரிட்ஜ்னு ஒருத்தன் குடி வர்றான், ஆளு செம ஸ்மார்ட், நல்லா பேசுவான், கிறிஸ் சரண்டன் நடிச்சிருக்காரு. அவன் வாம்பயர்னு சார்லி கண்டுபிடிச்சுடறான். கேர்ள்ஃப்ரெண்ட் ஏமி நம்பல, கூட்டாளி எட் நம்பல, போலீஸ்காரர் ஒருத்தர கூட்டிட்டு வந்தா அவரும் வாம்பயர்ங்குற வார்த்தைய கேட்ட ஒடனே கடுப்பாகி போயிடறாரு.

சார்லி அவன கண்டுபிடிக்கிற சீன கொஞ்சம் நிதானமா பாக்கணும். சார்லி ரூம் ஜன்னல்ல இருந்து பைனாகுலர் வெச்சு பக்கத்து வீட்ட பாக்குறான், அங்க ஜெர்ரி ஒரு பொண்ணு கூட நிக்கிறான், வாயத் தொறக்குறான், பல்லு நீளுது, கடிக்கப்போற நேரத்துல டக்குனு நிமிர்ந்து நேரா சார்லிய பாக்குறான். கோவப்படல, பாய்ஞ்சு வரல. ஒரு கைய மட்டும் நீட்டி ஜன்னல் ஸ்கிரீன மெதுவா கீழ இழுத்து விடுறான், அந்த விரலுங்க மனுஷ விரல் நீளத்துக்கு இல்ல, நகம் வேற நீட்டமா. அவ்ளோதான் ஷாட்டு. ரத்தம் ஒரு சொட்டு இல்ல, ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்கு நம்மள தெரிஞ்சு போச்சுங்குற பயம் மொத்தமும் அந்த விரல்ல இருக்கு.

இப்போ ரூல்ஸுக்கு வருவோம், மொதல்ல அழைப்பு ரூல், எனக்கு பிடிச்சதும் அதுதான். சார்லி பயந்து போய் எட்கிட்ட ஐடியா கேக்குறான், எட்டும் ஹாரர் பைத்தியம், அவன் சொல்றான் வீட்டுக்காரங்க யாராவது கூப்பிட்டாதான் வாம்பயர் உள்ள வர முடியும், அதனால நீ சேஃபுன்னு. பையன் நிம்மதியா வீட்டுக்கு வர்றான், அம்மா ஹால்ல இருந்து கூப்பிடறாங்க, வாடா பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்காருன்னு, பாத்தா ஜெர்ரி சோஃபா சேர்ல சாவகாசமா உக்காந்திருக்கான். அம்மாவே உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாச்சு. இனிமே எனக்கு எப்போ தோணுதோ அப்போ வருவேன், உங்க அம்மா பர்மிஷன் குடுத்துட்டாங்கல்லன்னு அவன் சிரிச்சுக்கிட்டே சொல்றப்போ அம்மாவும் சேந்து சிரிக்கிறாங்க, அவங்களுக்கு அது மரியாதையான பேச்சு, சார்லிக்கு மட்டும்தான் அது மெரட்டல்னு புரியுது. ரூல ஹீரோவுக்கு சொல்லிக்குடுத்து, அவன் பாதுகாப்பா இருக்கோம்னு நம்பின அடுத்த சீன்லயே அத ஒடைக்கிறாங்க பாருங்க, அதுவும் ரூல மீறாம. வில்லன் ரூல மீறினா நமக்கு ஏமாத்திட்டாங்கன்னு தோணும், ரூலுக்குள்ளயே வழி கண்டுபிடிச்சு வந்தான்னா பயம் ரெட்டிப்பாகும். புதுசா ஹாரர் எழுதறவங்க இந்த ஒரு சீன மட்டும் பத்து தடவ பாக்கலாம்.

அழைப்பு ரூலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. வாம்பயர் கதைல பாதி நேரம் பலியாகுறவங்களும் ஏதோ ஒரு வகைல சரின்னு சொல்லிட்டுதான் மாட்டுறாங்க. அன்னிக்கு ராத்திரியே ஜெர்ரி சார்லி ரூமுக்குள்ள வந்து கழுத்த பிடிச்சுக்கிட்டு, என்னை மறந்துரு, நானும் உன்னை மறந்துடறேன், எனக்கு இல்லாத ஒண்ண உனக்கு குடுக்குறேன், சாய்ஸுன்னு சொல்றான் (சார்லி ஒரு பென்சில எடுத்து அவன் கைல குத்தி தப்பிக்கிறான்). அப்புறம் எட். எல்லாரும் கேலி பண்ற பையன், ஈவில்னு பட்டப்பேரு வேற, ஸ்டீஃபன் ஜெஃப்ரீஸ் அந்த கீச்சு சிரிப்போட நடிச்சிருப்பாரு. இருட்டு சந்துல அவன மடக்குற ஜெர்ரி கடிக்கப் பாயல, ஒதுக்கப்பட்டவனா இருக்குறது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், இனிமே யாரும் உன்னை அடிக்க மாட்டாங்கன்னு ஆறுதலா பேசி கைய நீட்டுறான். எட் அழுதுக்கிட்டே அந்தக் கைய பிடிக்கிறான். படத்துலயே என்னை ரொம்ப ஒலுக்குன சீன் இதுதான், வீட்டு வாசல் ரூல் அப்படியே மனசு வாசலுக்கு வந்துருச்சு.

கண்ணாடி ரூலுக்கு முன்னாடி பீட்டர் வின்சென்ட் யாருன்னு சொல்லணும். அமெரிக்கால லோக்கல் டிவி சேனல்ல ராத்திரி பழைய ஹாரர் படம் போடறப்போ, நடுவுல ஒருத்தர் பேய் வேஷம் போட்டு வந்து ஜோக்கடிச்சு படத்த அறிமுகம் பண்ற வழக்கம் இருந்துச்சு, ஹாரர் ஹோஸ்ட்டுன்னு சொல்வாங்க. 1954ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல வாம்பைரான்னு ஒருத்தங்க ஆரம்பிச்சு வெச்சது, 80கள்ல எல்வைரா பெரிய ஸ்டாரு. பீட்டர் வின்சென்ட் அந்த மாதிரி ஒரு ஹோஸ்ட், ஒரு காலத்துல படத்துல வாம்பயர் வேட்டைக்காரனா நடிச்ச பழைய நடிகர், இப்போ மார்க்கெட் போச்சு, ஷோவும் போச்சு, இந்தக் காலத்து பசங்களுக்கு முகமூடி மாட்டின கொலகாரன்தான் வேணுமாம்னு பொலம்பிட்டே வேலைய விட்டு கெளம்புறாரு. ராடி மெக்டொவல் நடிச்சிருக்காரு, பழைய ப்ளானட் ஆஃப் த ஏப்ஸ்ல குரங்கு மாஸ்க்குக்குள்ள இருந்தாரே அவர். பேரு எங்கருந்துன்னா பீட்டர் குஷிங், வின்சென்ட் ப்ரைஸ், ரெண்டு பெரிய ஹாரர் நடிகர்களோட மொத பேரையும் ஒட்டி வெச்சது.

சார்லி வாய அடைக்கிறதுக்காக ஏமியும் எட்டும் இவருக்கு 500 டாலர் குடுத்து ஒரு டெஸ்ட் ஏற்பாடு பண்றாங்க, புனித நீர்னு சொல்லி சாதா தண்ணிய ஜெர்ரிக்கு குடிக்கக் குடுக்கணும், அவனும் நல்ல புள்ளையா குடிச்சுடறான், எல்லாரும் பாத்தியா ஒண்ணுமில்லன்னு கெளம்பறப்போ பீட்டர் தன்னோட சிகரெட் கேஸ்ல இருக்குற கண்ணாடிய யதேச்சையா பாக்குறாரு, ரூம்ல நிக்கிற எல்லாரும் தெரியிறாங்க, ஜெர்ரி தெரியல. காசு வாங்கி நடத்தின போலி டெஸ்ட்டுல, தேடாத ஆளுக்கு நெஜமான ஆதாரம் கெடைக்குது. பயத்துல கேஸ் கீழ விழுந்து கண்ணாடி ஒடையுது, அந்த ஒரு சில்லு தரைல கெடந்து அப்புறம் ஜெர்ரி கண்ல படும்.

அடுத்து சிலுவை. மத்த படங்கள்ல சிலுவைங்கறது ஒரு ஆயுதம், எடுத்து காட்டினா வேலை செய்யும், கடைல வாங்குற பூச்சிமருந்து ரேஞ்சுக்கு. இந்தப் படத்துல ஒரு கண்டிஷன் போட்டாங்க, பிடிச்சிருக்கவனுக்கு நம்பிக்கை இருந்தாதான் வேலை செய்யும்னு. பீட்டரும் சார்லியும் ஜெர்ரி வீட்டுக்குள்ள போறாங்க, மாடிப்படில அவன் நிக்கிறான், பீட்டர் சிலுவைய தூக்கிப் பிடிச்சு தன்னோட பழைய பட டயலாக்க அதே மாடுலேஷன்ல விடுறாரு. ஜெர்ரி சிரிக்கிறான். கைய நீட்டி அந்த சிலுவைய வாங்கி நசுக்கிப்போட்டுட்டு, நம்பிக்கை இருக்கணும்யாங்கறான். பக்கத்துல நிக்கிற சார்லி தன்னோட சிலுவைய காட்டினதும் பின்வாங்குறான், ஏன்னா பையன் முழுசா நம்புறான். பீட்டர் அவன அங்கயே விட்டுட்டு ஓடிடறாரு.

இதுல ஒரு ஓட்டை இருக்குன்னு சொல்லலாம். இதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடிதான் வாம்பயரா மாறின எட் பீட்டர தாக்க வர்றப்போ அவர் அதே மாதிரி ஒரு சிலுவைய அவன் நெத்தில வெக்க, அது சூடு போட்ட மாதிரி பொசுக்கிடும். அங்க வேலை செஞ்சது இங்க ஏன் செய்யல? நான் எப்படி எடுத்துக்கறேன்னா, எட் பாய்ஞ்சப்போ அவர் உயிர் பயத்துல யோசிக்காம நீட்டினாரு, மாடிப்படில நிக்கிறப்போ நடிக்கிறாரு. நடிப்ப வாம்பயர் மோப்பம் பிடிச்சுட்டான். கடைசில அவர் திரும்பி வந்து பிடிக்கிறப்போ வேலை செய்யும். ஒரு சாமான் பத்தின ரூல, ஒரு மனுஷன் மாறினானா இல்லையான்னு அளக்குற ரூலா மாத்திட்டாங்க, படத்தோட மொத்த புத்திசாலித்தனமும் இங்கதான் இருக்கு.

அவர் ஓடுறதுக்கும் திரும்பி வர்றதுக்கும் நடுவுல ஓநாய் சீன் ஒண்ணு இருக்கு. எட் ஓநாயா மாறி பாய, ஒடஞ்ச மரக்கட்ட நெஞ்சுல ஏறி படிக்கட்டுக்கு கீழ விழுந்து கெடக்குறான், அங்க கெடந்து அணு அணுவா திரும்ப மனுஷனா மாறி சாவுறான். எஃபெக்ட்ஸ் ரிச்சர்ட் எட்லண்ட் டீமு, 1984ல கோஸ்ட்பஸ்டர்ஸ் பண்ண கையோட இங்க வந்தவங்க. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கெடையாது, எல்லாம் மேக்கப்பு, ரப்பரு, கம்பி வெச்சு ஆட்டுற பொம்மை, கண்ணுல வலிக்க வலிக்க மாட்டுற கெட்டியான லென்ஸு. இப்ப பாத்தா வௌவால் பொம்மை கொஞ்சம் பொம்மையாவேதான் தெரியுது, அத மறைக்க வேண்டாம். ஆனா அந்த ஓநாய் பையன் கைய நீட்டிக்கிட்டு துடிக்கிறதும், பீட்டர் பக்கத்துல நின்னு உதவ முடியாம அழறதும் இன்னிக்கும் அப்படியே நிக்குது, சாகுற வில்லனுக்காக நம்மள இவ்ளோ நேரம் உக்கார வெச்ச ஹாரர் படம் அந்த டைம்ல ரொம்ப கம்மி.

வெயில் ரூல்ல இவங்க பெருசா புதுசு ஒண்ணும் பண்ணல, பேஸ்மென்ட் ஜன்னல ஒடச்சு வெளிச்சத்த உள்ள விட்டு ஜெர்ரிய எரிக்கிறாங்க, ஹேமர் படத்துக்கு ஒரு வணக்கம் போட்ட மாதிரி. கூட ஒரு கெடு மட்டும் வெச்சிருக்காங்க, கடிபட்ட ஏமிய காப்பாத்தணும்னா விடியறதுக்குள்ள ஜெர்ரி சாவணும். ஏமியா நடிச்ச அமாண்டா பியர்ஸ், காது வரைக்கும் கிழிஞ்ச வாயும் வரிசை வரிசையா பல்லுமா திரும்புற அந்த ஷாட்டு, படம் பாக்காதவங்களும் எங்கயாவது பாத்திருப்பீங்க. ரூல்ஸ்லயே இல்லாத ஒண்ணும் இருக்கு, ஜெர்ரி படம் முழுக்க ஆப்பிள் கடிச்சுக்கிட்டே இருப்பான். அது சரண்டனோட ஐடியா, வௌவால பத்தி படிச்சவர் இவன் பரம்பரைல எங்கயோ பழந்தின்னி வௌவால் கலந்திருக்கும்னு முடிவு பண்ணிட்டாராம். கேக்க கோமாளித்தனமா இருக்கு, ஸ்கிரீன்ல பாக்க பக்கத்து வீட்டு அங்கிள் மாதிரியே இருக்கு, அதுதான் பயம்.

அதே காலகட்டத்துல மத்தவங்க இந்த ரூல்ஸ என்ன பண்ணாங்கன்னும் பாத்தா விஷயம் இன்னும் தெளிவாகும். 1987ல வந்த த லாஸ்ட் பாய்ஸ் அழைப்பு ரூல ஒரு படி மேல கொண்டு போச்சு: நீங்களா வாம்பயர வீட்டுக்குள்ள கூப்பிட்டுட்டா அப்புறம் அவன்மேல உங்க பூண்டு, புனித நீர், கண்ணாடி எதுவும் செல்லாது. பசங்க அம்மாவோட பாய்ஃப்ரெண்டுக்கு டின்னர்ல வெச்சு எல்லா டெஸ்ட்டும் பண்ணி பாத்துட்டு அவன் மனுஷன்தான்னு விட்டுடறாங்க, ட்விஸ்ட் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். அதே வருஷம் கேத்ரின் பிகலோ எடுத்த நியர் டார்க்ல நேர் எதிர், நீளமான பல்லு இல்ல, சிலுவை இல்ல, வாம்பயர்ங்குற பேரக்கூட ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, வெயில் ஒண்ணுதான் ரூலு. அதனால ஒரு மோட்டல் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு வெளிய போலீஸ் சுடறப்போ, குண்ட விட சுவத்துல அது போடற ஓட்டைதான் ஆபத்து, ஒவ்வொரு ஓட்டை வழியாவும் ஒரு கம்பி வெளிச்சம் உள்ள வரும், அது பட்ட இடம் பொசுங்கும். ஒரே ஒரு ரூல வெச்சு எவ்ளோ பெரிய சண்டை பண்ணலாம்னு அதுல பாக்கலாம்.

ஹாங்காங்ல ஃப்ரைட் நைட் வந்த அதே 1985ல மிஸ்டர் வாம்பயர், அங்க ரூல் புக்கே வேற. பொணம் கைய முன்னாடி நீட்டிக்கிட்டு குதிச்சு குதிச்சு வரும், நெத்தில மந்திரம் எழுதின மஞ்ச காகிதத்த ஒட்டினா நின்னுரும், ஒட்டுற அரிசி போட்டா ஆகாது, முக்கியமா அது உங்க மூச்ச வெச்சுதான் உங்கள கண்டுபிடிக்கும். அதனால மூச்ச அடக்கிட்டு அது மூஞ்சிக்கு நேரா நிக்கிற சீன்ல தியேட்டரே சேந்து மூச்சு பிடிக்கும். சிலுவைக்கும் பூண்டுக்கும் அந்த ஊர் கதைல எடமே இல்ல, இருந்தும் விளையாட்டு ஒண்ணுதான்.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா ஃப்ரைட் நைட்டே போதும், ஒரு மணி நாப்பத்தஞ்சு நிமிஷ படம், மொத அரை மணி நேரம் மெதுவா போகும், கிளப்பு டான்ஸ் சீன்ல 80கள் ஃபேஷன பாத்து சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க. அது முடிஞ்சதும் 2011 ரீமேக்க பாருங்க, காலின் ஃபேரல் ஜெர்ரி, கதை லாஸ் வேகஸ் பக்கத்துக்கு போயிருச்சு, பீட்டர் வின்சென்ட் அங்க மேஜிக் ஷோ நடத்துற ஆளு. மொத்தத்துல பழசு அளவுக்கு இல்லன்னுதான் சொல்வேன், ஆனா ஒரு சீன்ல மட்டும் பழச முந்திட்டாங்க. இந்த தடவ சார்லி அம்மாவ எச்சரிச்சு வெச்சுட்டான், கதவு தொறக்கல, யாரும் கூப்பிடல. ஜெர்ரி வாசல்ல சத்தம் போடாம தோட்டத்துக்கு போறான், ஒரு மண்வெட்டிய எடுத்து தோண்டி வீட்டுக்கு போற கேஸ் பைப்ப பிடிச்சு வெளிய இழுக்குறான், கொளுத்துறான். வீடே இல்லன்னா எதுக்கு அழைப்பு?